சாரற்கால அறைதேடற் சாஸ்திரம்

முன்கூட்டி ஒருவரிடமும் சொல்லி வையாது அந்நிய தேசத்துக்குச் சென்று, கையிற் பெட்டியும் இடுப்பிற் குழந்தையுமாகத் தெருவில் நின்றபடியே குறைந்த வாடகையில் தங்குமிடம் தேடும் கலையைக் குறித்து நம் முன்னோர் நூலொன்றும் செய்து வையாமற் போயினர். அக்குறையை நீக்கும் பொருட்டு, விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தார் ஆனி, ஆடி மாதங்களிற் குற்றாலத்துக்குப் போய் அறை தேடும் முறையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். 100 கிலோமீட்டரளவு தொலைவிலேயே உள்ள குற்றாலத்தை அந்நிய தேசமென்று கொள்ளலாமோ என ஐயுறுவார்க்கு, அதன் அண்டையிலுள்ள செங்கோட்டை 1956 வரை மலையாளச் சீமையோடு சேர்ந்திருந்ததை நினைவூட்டுவோம். வானிலையை நோக்கினாலோ இன்றும் அது அந்நியமே: ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குக் காற்று சாரலையெல்லாம் குற்றாலத்தில் இறக்கிவிட்டு, சிவகாசிக்கு வரும்போது புழுதியை மட்டுமே கொணர்கிறது.

இவ்வாராய்ச்சிக்குப் பூர்வபட்சமாக நிற்பது பேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்து நாடார் வணிகர், சரக்கேற்றிய மாட்டுவண்டிகளோடு தாம் செல்லும் வழிகளிற் சுற்றுமதிலுடைய பேட்டைகளை அமைத்து, அவற்றின் செலவுக்காக மகமை என்றொரு வரியைத் தமக்குத் தாமே விதித்துக்கொண்டனர். அம்மகமையே பின்னர்ப் பள்ளிக்கூடங்களாகவும் விரிந்தது. கள்வர் பயம் மிகுந்த காலத்தில் இரவு தங்கப் பூட்டிய கதவொன்றை உறுதி செய்துகொண்டே வண்டி பூட்டிய பரம்பரை, பயம் நீங்கிய காலத்தில் ஐந்தருவிச் சாலையில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்குவதை நாகரிகத்தின் வளர்ச்சி என்பதா, தேய்வு என்பதா? ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் வாழ்ந்த நாளில் ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டு விருந்தினராயினர். அவர்கள் அறை தேடியவர்களல்லர் ஆதலால் நம் ஆராய்ச்சிக்குப் பயன்படார்.

இனிப் பிரமாணங்கள். மலைமேற் புகையைக் கண்டு ஆங்கே நெருப்புண்டென்று துணிவது அநுமானத்துக்குத் தருக்க நூலார் காட்டும் பழைய உதாரணம். குற்றாலத்தில் மலைமேல் வெண்மேகம் இறங்கக் கண்டால் துணிய வேண்டியது நெருப்பையன்று, வாடகையை. அருவியில் நீர் ஏற ஏற வாடகையும் ஏறும்; அறையின் பரப்புக்கோ, குளியலறைத் தாழ்ப்பாளின் நிலைமைக்கோ அதனோடு யாதொரு சம்பந்தமுமில்லை. சப்தப் பிரமாணமாவது ஆட்டோக்காரர் வாக்கு: “எல்லாம் ஃபுல்லு, அண்ணாச்சி. நமக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு இருக்கு.” மீமாம்சை பயின்றவர் இவ்வாக்கியத்தின் முற்பாதியை அர்த்தவாதமென்றும் பிற்பாதியையே விதியென்றும் எளிதிற் பிரித்தறிவர். பயிலாதவர், மாடிக்கொடிகளில் ஒரு துண்டும் தொங்காத லாட்ஜுகளை எண்ணிப் பார்த்துப் பிரத்தியட்சமாக உணர்ந்துகொள்வர்.

துண்டு என்றவுடன் சித்தாந்தத்துக்கு வந்துவிட்டோம். இவ்வட்டாரத்தார் அறை தேடுவது உறங்குதற்பொருட்டன்று, உலர்த்துதற்பொருட்டு. 1922-ல் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் மறு ஆண்டில் நட்ட தொழில் அம்மண்ணில் வேரூன்றியதற்கு, மழை குறைந்த அவ்வானமும் ஒரு காரணம். தீக்குச்சியும் சரவெடியும் வெயிலிற் காய்ந்தாக வேண்டும். களத்திற் பரப்பிய சரக்கின்மேல் தூறல் விழுந்தால் அன்றைய வேலை கெட்டது. காய்தல் வெயிலின் கடமையென்று பிறந்தது முதல் நம்பி வளர்ந்த ஒருவர், சாரலிற் பிழிந்து போட்ட வேட்டி மறுநாட் காலையில் முன்னினும் கனத்திருக்கக் காணும்போது அடையும் வியப்பு சொல்லுந்தரமன்று. ஆகவேதான் அவர் அறைக்குள் நுழைந்ததும் மெத்தையை நோக்குவதில்லை. மின்விசிறி எத்துணை வேகத்திற் சுழலுகின்றது, ஜன்னற்கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடி வரை கயிறு எட்டுமா என்பவற்றையே சோதிக்கின்றார். கொடி கட்ட இடமில்லாத அறையை, அது எவ்வளவு மலிந்த விலைக்குக் கிடைப்பினும், அவர் கொள்ளார்.

பட்டாசு ஆலையில் மருந்து கையாளும் அறைக்குள் 4 பேருக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. பல உயிர்களைக் கொடுத்துப் பெற்ற விதி அது. அதை மீறுகிற முதலாளியிடம் நமக்குத் தாட்சண்யமில்லை. ஆனால் சனிக்கிழமைச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வேன் ஏறியவர்க்கு லாட்ஜ் அறையும் அவ்விதியின்பாற்படும் என்று தோன்றுவதில்லை. “எத்தனை பேரு?” என்று மேலாளர் வினவ, “நாலு பேருதான், அண்ணாச்சி” என்று கூசாமல் விடை வரும். எஞ்சிய பதின்மர் வேனுக்குள் குனிந்திருப்பதை மேலாளர் அறிவார். அவர் அறிவதை இவரும் அறிவார். பேரம் அதன்மேல் நடைபெறும். அச்சுத்தொழிலார் எவரேனும் கூட்டத்தில் இருப்பின், ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பங்கள் வெளிவருவதைக் குறிப்பிட்டு, வரவேற்பறைச் சுவருக்கொன்று அனுப்புவதாக வாக்களித்தும் வாடகையைச் சற்றே இறக்குவர்.

பேரருவியில் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிப் பாய்ந்து, காவலர் குளிக்கத் தடை விதித்த நாளிலாவது வாடகை இறங்காதோ என்பர் சிலர். ராத்திரிக்குள் தடை நீங்கிவிடும் என்னும் நம்பிக்கையை மேலாளர் தனிக் கட்டணமின்றி வழங்கிவிடுகின்றாராதலால், இறங்குவதில்லை. செவ்வாய், புதன்கிழமைகளிற் செல்வோர்க்குப் பேரமே வேண்டுவதில்லை. அந்நாட்களில் ஆலைக்கு விடுமுறையில்லை.