மந்திரி வருகிற வாடை

எங்கள் தெருவில் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் காரணம் இரண்டுதான். மழைவெள்ளம் வடிந்திருக்க வேண்டும், அல்லது மந்திரி வர வேண்டும். சாக்கடைக்குப் போக வேண்டிய பவுடரைச் சாலையின் இரு ஓரமும் நேர்கோடாகத் தூவியிருப்பார்கள். கிருமிகள் கோட்டைப் பார்த்ததும் மரியாதையாகத் திரும்பிவிடும் என்று நம்பிக்கை.

வீட்டுக்குள் இந்த இலாகா என் அத்தையிடம் இருக்கிறது. தரை பளபளப்பதெல்லாம் அவரிடம் செல்லாது. நெடி மூக்கில் ஏற வேண்டும். "வாடையே காணோமேடா, கடைக்காரன் சுண்ணாம்பைக் கட்டிக் குடுத்துட்டானா?" என்று வாளியில் இன்னொரு கரண்டி போடுவார். விருந்தாளிகள் கண் கலங்கி விடைபெறுவதைப் பாசம் என்று எடுத்துக்கொள்வார்.

நீச்சல்குளத்தை வைத்து விளக்கிப் பார்த்தேன். அங்கே மூக்கைத் துளைப்பது பெரும்பாலும் குளோரின் அல்ல. குளிப்பவர்களின் வியர்வை, சிறுநீரோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின். நெடி தூக்கலாக இருந்தால் அழுக்கும் அதிகம் என்றுதான் பொருள். "அப்போ என் பாத்ரூம் அழுக்குங்கறியா?" என்றார். வேதியியல் வகுப்பு அத்தோடு கலைந்தது.

வரலாறும் அவர் பக்கமே சாய்ந்தது. 1847-இல் வியன்னா மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை முடித்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்த்தார்கள். அந்தக் கைகளில் இருந்த பிண நாற்றத்தைப் போக்குகிறது என்பதற்காகவே அங்கே பணியாற்றிய டாக்டர் செம்மல்வைஸ் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். கிருமிக் கொள்கை அப்போது பிறக்கவில்லை. ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் இறந்த வார்டில் ஜூலையில் ஒன்றிரண்டு பேர்தான். "பாத்தியா, மூக்கை நம்பித்தான் பெரிய டாக்டரே பண்ணியிருக்கார்!" சொல்லியிருக்கவே கூடாது.

2020 ஏப்ரலில், கொரோனா பரவியபோது, அத்தையின் கட்சிக்கு நாடே வந்து சேர்ந்தது. திருப்பூரில் சந்தை வாசலில் கூண்டு அமைத்து, உள்ளே போகிறவர்கள் மேல் கிருமிநாசினி தெளித்தார்கள். வேறு ஊர்களும் அதைப் பார்த்துச் செய்தன. மனிதர் மேல் தெளிப்பதால் பயனில்லை, கண்ணும் நுரையீரலும்தான் கெடும் என்று சுகாதாரத் துறை நிறுத்தச் சொன்னது. அத்தைக்கு அது இன்றும் வருத்தம்தான்.

இதுவரை சிரிக்கலாம். ஆசிட் விஷயத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கழிவறைக்கு வாங்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். 'ரெண்டும் நல்லது, சேர்ந்தா ரொம்ப நல்லது' என்று சாம்பாருக்குக் காய் சேர்ப்பதுபோல் பிளீச்சை அதன் மேல் கொட்டினால் குளோரின் வாயு கிளம்பும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் ஜெர்மானியர் திறந்துவிட்ட அதே வாயு. காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குத்துக்கால் வைத்துத் தேய்ப்பவரின் மூக்கும் அங்கேதான் இருக்கிறது. வாடை போகட்டும் என்று பிளீச்சில் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றினாலும் இதே கதைதான். அம்மோனியா உள்ள திரவமும் ஆகாது.

வாடை குறைய ஒரே வழி, குறைவாகப் போடுவது. முதலில் சோப்பால் அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்; அழுக்கிருந்தால் பிளீச்சின் பலமெல்லாம் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீரில் அன்றன்றைக்குக் கரைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசினால் போதும். கையுறை அவசியம். மிச்சத்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் சிக்கனம் குழந்தைகள் உள்ள வீட்டில் கொலைக்குச் சமம்.

ஜன்னலைத் திறக்க மட்டும் அத்தை சம்மதித்துவிட்டார். நாம் சுத்தமானவர்கள் என்பது எதிர்வீட்டுக்கும் தெரிய வேண்டுமாம். நீங்களும் எந்தக் காரணத்துக்காகவாவது திறந்து வையுங்கள். ஆசிட் பாட்டிலை மட்டும் பிளீச் பக்கம் கொண்டுவராதீர்கள்.