துரைக்கு ஒரு பாடி பெல்ட்

எங்கள் வீட்டு நாயின் பெயர் துரை. போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று எல்லாத் துரைகளும் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் மிச்சமிருப்பது இவன் ஒருவன்தான். பூர்வீகம் விருதுநகர் மாவட்டம். கரிசல் காட்டில் முயல் விரட்டிய சிப்பிப்பாறைப் பரம்பரை.

இங்கே முயல் இல்லை. ஆடு இருக்கிறது. பஜார் ரோட்டில் மிளகு, சுக்குக் கிடங்குகளின் வாசலில் லாரிக்குக்கூட வழிவிடாமல் அசைபோட்டு நிற்கும் ஆடுகள். அவற்றைக் கண்டதும் துரைக்குள் கரிசல் காடு விழித்துக்கொள்ளும். கழுத்துப் பட்டை போட்டுப் பிடிக்கலாமென்றால், இந்த இனத்துக்குத் தலை கழுத்தைவிட ஒல்லி. பின்னால் ஒரு எட்டு வைத்துத் தலையைக் குனிந்தால் போதும், பட்டை நம் கையில், நாய் ஆட்டின் பின்னால்.

ஆகவே கழுத்தோடு நெஞ்சையும் சுற்றிப் பிடிக்கும் பாடி பெல்ட். கடைப் பையன் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோ?" அரிசிக் கடையில் கேட்க வேண்டியது. கடையில் இருந்ததெல்லாம் லாப்ரடாரை மனதில் வைத்துத் தைத்த அளவுகள். துரைக்கு நெஞ்சுக்கு 'லார்ஜ்', இடுப்புக்கு 'ஸ்மால்'. லார்ஜை மாட்டினால் அப்பா சட்டையைப் போட்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிற்கிறான். "அட்ஜஸ்ட் செய்யாம் சேட்டா," என்றான் பையன். 2005இல் தபால் துறை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, சிப்பிப்பாறைக்கு இல்லை. அரசாங்கமே மறந்த உடம்பை பெல்ட் கம்பெனி எங்கே நினைக்கப்போகிறது?

"உங்க சட்டைக்கு என்னிக்காவது இவ்வளவு யோசிச்சிருக்கீங்களா?" என்றாள் மனைவி. என் சட்டையைக் கழற்றிவிட்டு நான் ஆட்டைத் துரத்துவதில்லையே.

பார்வைக்கு அழகாக ஒரு சிவப்பு பெல்ட் இருந்தது. ஆனால் நெஞ்சுக்குக் குறுக்கே படுக்கைவாட்டில் ஒரு பட்டை. அது தோள்பட்டையை அழுத்தும், முன்னங்கால் முழுசாக நீளாது. கழுத்தின் இரு பக்கமிருந்தும் இறங்கி மார்பெலும்பில் ஒன்றுசேரும் பட்டைதான் ஓடுகிற நாய்க்குச் சரி. தோல் பெல்ட்டும் பார்த்தோம். கொச்சி மழைக்கு அதில் பூஞ்சை பூத்துவிடும்.

கடைசியில் ஸ்கூல் பை தைக்கும் சேட்டன்தான் காப்பாற்றினார். நைலான் நாடா, பிளாஸ்டிக் பக்கிள், பழைய சிங்கர் மெஷின். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சு அகன்ற இடத்தில் டேப்பைச் சுற்றினார். துரை உடனே உட்கார்ந்துகொண்டான். உட்கார்ந்த நாய்க்கு எடுத்த அளவு செல்லாது. பிஸ்கெட் காட்டி எழுப்ப வேண்டியதாயிற்று. அக்குளில் உரசாதபடி பட்டையைக் கொஞ்சம் பின்தள்ளி வைத்தார். விலா முடிந்து இடுப்பு ஒடுங்கும் இடத்தில் மூன்றாவதாக ஒரு பட்டை. பின்வாங்கி நழுவப் பார்த்தால் அது அகன்ற விலாவைத் தாண்டி வராது. மாட்டிய பிறகு ஒவ்வொரு பட்டைக்குள்ளும் இரண்டு விரல் விட்டுப் பார்த்தார். நுழைந்தது, மூன்றாவது விரல் நுழையவில்லை.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வளர்க்கிறவர்கள் கடைக்குப் போகும்போது நாயையும் டேப்பையும் கூடவே கொண்டுபோங்கள். குட்டியென்றால் மாதம் ஒருமுறை திரும்ப அளந்து பாருங்கள்.