மார்கழித் தூண்டில்

கேள்வி: மார்கழி பிறந்தால் நெய்யாற்றங்கரையில் தூண்டிலும் கையுமாகச் சிலர் உட்கார்ந்துவிடுகிறார்களே, மீன் பிடிக்கவா, வீட்டு வேலைக்குப் பயந்தா? (வாசகர், பாறசாலை)

பதில்: இரண்டும் இருக்கலாம், ஆனால் மாதத்தைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அகத்தியமலையில் பிறந்து பூவாறில் கடல் சேரும் நெய்யாறு, இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொள்ளும் ஆறு. ஜூன் வெள்ளத்தில் தக்கை நிற்காது. மீன்கள் முட்டையிட எதிரேறி வருவதும் அப்போதுதான்; அந்த ஊத்தா மீனைப் பிடிப்பது கேரளத்தில் சட்டப்படி குற்றம். ஐப்பசி, கார்த்திகை மழையும் ஓய்ந்த பிறகே தண்ணீர் தெளிந்து, தக்கையின் அசைவைப் படிக்க முடியும். கெண்டை கொத்திக் கொத்தி மண்புழுவைத் திருடும், தக்கை துள்ளும். கெளுத்தி விழுங்கிக்கொண்டே ஓடும். தக்கை சாய்ந்து மறையும். கழற்றும்போது அதன் பக்கவாட்டு முள்ளை மறந்தவர் அன்றைக்குச் சோறு பிசைய மாட்டார்.

குளிரில் மீன் இரை எடுக்காதே என்பார்கள் படித்தவர்கள். இங்கிலாந்து ஆறுகளுக்கு அது ஓரளவு பொருந்தும். நம் பக்கத்து டிசம்பர் விடியலில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். மப்ளர் கட்டுவது மனிதன் மட்டும்தான். சந்தையில் ஐந்து நிமிடத்தில் வாங்கலாமே என்றால், வாங்கலாம், குழம்புக்கு அதுவே நல்லது. ஆனால் யாரும் எதுவும் கேட்காத மூன்று மணி நேரத்தைச் சந்தையில் எடை போட்டுத் தரமாட்டார்கள். இவர்களால் ஆறு காலியாகிவிடும் என்பதுதான் கொஞ்சமும் ஒட்டாத வாதம். ஒரு முள்ளுக்கு ஒரு மீன்; ஆற்றைக் கெடுத்தது தோட்டாவும் நஞ்சும் மணல் லாரியும். அவற்றைப் பற்றித் தனிக்கேள்வி அனுப்புங்கள். பதில் இவ்வளவு சாந்தமாக இருக்காது.