இருட்டுக்கும் அளவு உண்டு

கேள்வி: இன்றைய இளம் புகைப்படக்காரர்கள் பாதிப் படத்தைக் கறுப்பாகவே விட்டுவிடுகிறார்களே, வெளிச்சத்துக்கு அப்படியென்ன பஞ்சம்?

பதில்: பஞ்சமில்லை, சிக்கனம். புகைப்படக் கலைஞர் பிரஸ்ஸாய் 1930களின் தொடக்கத்தில் பாரிஸ் இரவுகளைப் படமெடுத்தபோது மழையையும் மூடுபனியையும் விரும்பினார். ஈரமான கல் பாவிய தெரு விளக்கொளியை வாங்கித் திருப்பித் தரும். மூடுபனியோ விளக்கின் கண்கூச்சத்தைத் தணிக்கும். ஒரு சிகரெட் எரிந்து முடியும்வரை ஷட்டரைத் திறந்து வைத்து நேரம் கணித்தார் (நுரையீரல் கணக்கு தனி!). ஆக, அந்த இருட்டு அளந்து வைத்த இருட்டு. ‘எக்ஸ்போஷர் தெரியாதவரும் இதையே கலை என்பாரே?’ என்றால், சொல்வார்தான். அந்தக் கறுப்புக்குள் ஒரு கதவோ, அதன் ஓரத்தில் ஒரு தொப்பி விளிம்போ கண்ணுக்குத் தட்டுப்படுகிறதா என்று தேடுங்கள். எதுவுமே தட்டுப்படவில்லையென்றால், தம்பி லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்திருக்கலாம்.