நாலு சால் போதும்யா

அந்த நோட்டை இங்கிட்டுக் குடு பேராண்டி. கண்ணாடி வேண்டாம், நீ எழுதியிருக்கது கொட்டை எழுத்தாத்தான் இருக்கு. காலையில நாலரை மணிக்கு எந்திரிக்கணும். தினம் பத்தாயிரம் அடி நடக்கணும். சீனியைத் தொடக்கூடாது. வருசத்துக்கு அம்பது புஸ்தகம் படிக்கணும். பத்துக் கிலோ எடை கொறைக்கணும். எய்யா, போன வருசம் அப்படி என்ன தப்புப் பண்ணிட்டே, உனக்கு நீயே இம்புட்டுத் தண்டனை போட்டிருக்கே?

மொதல்ல உன் ஜனவரி ஒண்ணுக்கு வருவோம். நமக்கு அன்னைக்கு மார்கழி பதினாறு, இல்லேன்னா பதினேழு. மாசம் பாதி ஓடுன பெறகு புதுக்கணக்குத் தொறக்கவனை ஊர்ல என்ன சொல்லுவாக? இங்கிலாந்துக்காரனே 1752 வரைக்கும் மார்ச் 25-லதான் வருசத்தைப் பெறக்க வச்சான். நம்ம சர்க்கார் மட்டும் என்ன சளைச்சதா? 2008-ல தை ஒண்ணுதான் தமிழ்ப் புத்தாண்டுன்னு சட்டம் போட்டாக. 2011-ல அதை ரத்து பண்ணி மறுபடியும் சித்திரைக்கே கொண்டாந்தாக. ஆக, ஜனவரி ஒண்ணுல தவறுனா தை ஒண்ணு. அதுலயும் தவறுனா சித்திரை ஒண்ணு. சபதம் முறிக்கதுக்கு நமக்கு இருக்க வசதி ஒலகத்துல எவனுக்கு இருக்கு? இதுக்குப் போயி பதறுதியே.

நாலரை மணிக்கு எந்திரிக்கது ஒண்ணும் பெரிய வித்தையில்லே. நாங்க பொடியனா இருந்தப்போ மார்கழி பூராவும் எந்திரிச்சோம். பல்லு கிடுகிடுன்னு அடிக்க, பெருமாள் கோயில் திண்ணையில உக்காந்து பஜனை பாடுனோம். என்ன பக்தி, என்ன பக்தின்னு ஊரே மெச்சிச்சு. பக்தியாவது மண்ணாவது! பாட்டு முடிஞ்சா வெண்பொங்கல் உண்டு. பூவரசு எலையை நீட்டுனா ஒரு அகப்பை விழும். உள்ளங்கை பொசுங்கும், கீழே போட மனசு வராது. நெய்யி எலை நரம்பு வழியா எறங்கி மணிக்கட்டுக்கு ஓடும். அதை மொத நக்கிட்டுத்தான் பொங்கல்ல கை வைக்கணும். வெவரமுள்ளவன் ரெண்டு எலையா அடுக்கிப் பிடிப்பான். முன்வரிசையில நிக்கவனுக்குத்தான் முந்திரி, அதனால பாட்டும் அங்கனதான் சத்தமாக் கேக்கும். தை பெறந்துச்சு, பொங்கல் நின்னு போச்சு. மறுநாள் ஒரு பய எந்திரிக்கலையே! பெருமாள் அதே எடத்துலதான் நின்னாரு. நீ அலாரம் வச்சு எந்திரிக்கியே, அங்கன உனக்காக என்னய்யா காத்துக்கிட்டு இருக்கு? வெந்நீரும் எலுமிச்சம்பழமும்தானே? அதுக்கு எவன் போர்வையை விலக்குவான்?

அந்தப் பத்தாயிரம் அடி இருக்கே, அதுவும் வைத்தியன் எழுதிக் குடுத்த சீட்டு இல்லே. 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி, இடுப்புல மாட்டுத அடியெண்ணுத கருவியை விக்கதுக்குக் கெளப்பிவிட்ட கணக்கு. நடக்கது நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல. நேத்து ராத்திரி நீ மொட்டை மாடியில சுத்திச் சுத்தி வந்ததைப் பாத்தேன். பெறகு நாக்காலியில உக்காந்துக்கிட்டு, வாச்சு கட்டுன கையை மட்டும் ஆட்டிக்கிட்டு இருந்ததையும் பாத்தேன். யாரை ஏமாத்துதே, ஜப்பான்காரனையா?

பேசாம கழுகுமலைக்குப் போயி மலையில ஏறு. அங்க வெட்டுவான் கோயில்னு ஒண்ணு. பாண்டியன் காலத்துல ஒரே பாறையை மேலேருந்து கீழ் நோக்கிச் செதுக்கிக்கிட்டே வந்தவன், அடிப்பக்கத்தை முடிக்காம உளியைக் கீழே போட்டுட்டுப் போயிட்டான். ஆயிரத்து இருநூறு வருசமா அது அரைகுறைதான். அரைகுறையைப் பாக்கத்தான் ஊரு ஊராச் சனம் வந்து வாயைப் பொளக்குது. ஏன் முடிக்கலேன்னு அவனை இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் வையல. எறங்கி வாரப்போ கோயில்பட்டி கடலைமிட்டாய் ரெண்டு பாக்கெட்டு வாங்கு. ஒண்ணு எனக்கு. 2020-ல புவிசார் குறியீடு வாங்குன பண்டம்யா அது, அதைத் தொடமாட்டேன்னா ஊருக்கே கொறச்சல். பயப்படாதே, அதுல சீனி கெடையாது; வெல்லம்தான். உன் சபதத்துக்குப் பங்கமில்லே.

எங்களுக்கும் வருசப் பெறப்புக்குன்னு ஒரு காரியம் உண்டு. பொன்னேரு. சித்திரை ஒண்ணு அன்னைக்கு மாட்டைக் குளிப்பாட்டி, கலப்பைக்கு மஞ்சள் குங்குமம் வச்சு, ஊர்ச் சம்சாரிக பூராவும் ஒரே காட்டுல ஏரு பூட்டி எறங்குவோம். எவன் மாடு முந்துது, எவன் சால் கோணுதுன்னு ஒரே கேலியும் கூத்துமா இருக்கும். எம்புட்டு உழுவோம்ங்கே? நாலு சால். அம்புட்டுத்தான். பெறகு ஆளுக்கொரு செம்பு பானக்காரம். வீட்டுக்கு வந்தா வடை பாயசத்தோட சாப்பாடு. வெதைக்கதுக்குப் பொரட்டாசி வரணும், அது எங்களுக்குத் தெரியாதா? அன்னைக்கே காடு பூராவும் உழுது தீருவேன்னு எவனும் மீசையை முறுக்கல. இப்ப மாடு போயி டிராக்டரு வந்திருச்சு. அதுக்கும் மாலை போட்டு நாலு சால்தான் ஓட்டுதோம்.

ஒங்க சித்தப்பன் கதை வேற. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க. ஜிம்முக்கு வருசப் பணத்தை ஒரே மூச்சுல கட்டுனான். பத்தாதுன்னு வீட்டுக்கும் ரெண்டு டம்பிள்ஸ் வாங்கியாந்தான். அது இப்ப தொழுவுக் கதவுக்கு முட்டுக்குடுத்துக்கிட்டு நிக்குது. அவனைவிட அது நல்லா உழைக்குது.

புஸ்தகத்தையும் விட்டுவைக்கல நீ. அம்பதுன்னு எண்ணிப் படிக்கதுக்கு அது என்ன தேங்காயா? பக்கத்துல இடைசெவல்ல பெறந்த எழுத்தாளர் கி.ரா.வுக்கு மொதக் கதை பத்திரிகையில வந்தப்போ முப்பத்தஞ்சு வயசை ஒட்டி இருக்கும். பள்ளிக்கூடத்தை முழுசா முடிக்காத மனுசன், பின்னால புதுச்சேரி பல்கலைக்கழகத்துலயே பேராசிரியரா உக்காந்தாரு. அவரு நோட்டுல இலக்கு எழுதி டிக் போட்டதா நான் கேள்விப்படல. கதை கேக்கவும் சங்கீதம் கேக்கவும் ருசி இருந்துச்சு, கேட்டாரு.

அதனால ஒண்ணு செய்யி. நோட்டுல உள்ளதை ஒவ்வொண்ணா வாய்விட்டுப் படி. படிக்கப்பவே நாக்குல எச்சி ஊறணும். ஊறலையா, அடிச்சிரு. நாலரை மணியை அடி. எடையை அடி. நீச்சல் படிக்கணும்னு மூலையில சின்னதா எழுதியிருக்கே பாரு, அதை வையி. அதுதான் உண்மையான ஆசை, அதான் வெக்கப்பட்டு எழுதியிருக்கே. நம்ம கெணத்துல தண்ணி கெடக்கு, இடுப்புல கட்ட சொரக்குடுக்கை நான் தாரேன். வாட்சப்புல ஸ்டேட்டஸ் மட்டும் போட்டிராதே. போட்டேன்னா ஒன் அத்தை மகன் மே மாசம் வந்து, 'என்ன மாப்ளே, கப்பல் எப்ப ஓட்டப் போறே'ன்னு பத்துப் பேரு முன்னால கேப்பான்.

எனக்கும் இந்த வருசத்துக்கு ஒரு லட்சியம் உண்டு. ஒங்க ஆச்சியைப் பல்லாங்குழியில ஒரு ஆட்டமாவது ஜெயிக்கணும். தாலி கட்டுன நாள்லேருந்து நடக்கல. பதினாலு குழி, குழிக்கு அஞ்சு புளியங்கொட்டை. நான் விரலை விட்டு எண்ணிக்கிட்டே இருப்பேன். அவ வெத்தலையை மென்னுக்கிட்டே ஒரு பார்வை பாப்பா. நாலு சேந்த குழியைப் பசுன்னு அள்ளி மடியில போட்டுக்கிட்டு அடுத்த குழிக்குப் போயிருவா. அதான் இப்ப ராத்திரி அவ தூங்குன பெறகு, தொழுவுல லைட்டைப் போட்டுக்கிட்டுத் தனியா ஆடிப் பழகுதேன். இதை அவகிட்ட மூச்சு விட்டிராதே. விட்டேன்னா, நீ நாக்காலியில உக்காந்துக்கிட்டே நடந்த நடை ஒங்க அம்மைக்குப் போயிரும், பாத்துக்க.