இரண்டாம் மாங்கனிச் சிக்கல்: கோப்புப் பரிமாற்றம் குறித்து ஒரு காரைக்கால் ஆய்வு

எஃப்டிபி என்னும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையை 1971இல் முதன்முதலில் வகுத்தவர் அபய் பூஷண் என்ற இந்தியர். வலைப்பின்னலின் வாசலில் முகவரியை மாற்றி அனுப்பும் என்ஏடி 1994இல்தான் ஆவணமாயிற்று. இவ்விரண்டுக்கும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதைப் காரைக்கால் அம்மையாரான புனிதவதியாரின் வரலாற்றைக் கொண்டே விளக்க முடியும் என்பது எம் துணிபு. மறுப்போர் எல்லையிலுள்ள வாஞ்சூர் சோதனைச் சாவடிக்கு அப்பால் நின்று மறுக்கலாம்.

ஆய்வுக்களத் தேர்வுக்கும் காரணம் உண்டு. காரைக்காலை ஆள்வது புதுச்சேரி. அஞ்சல் குறியீடோ புதுச்சேரியின் 605இல் தொடங்காமல், மயிலாடுதுறையைப் போல 609இல் தொடங்குகிறது. உள்ளுக்கொரு முகவரி, வெளிக்கொரு முகவரி என்பது இவ்வூருக்குப் பாலபாடம்.

எஃப்டிபிக்கு இரண்டு இணைப்புகள் வேண்டும். 21ஆம் போர்ட்டில் பேச்சு நடக்கும்; கோப்பு வருவது வேறோர் இணைப்பில். பழைய ஆக்டிவ் முறையில் இந்த இரண்டாவதைச் சர்வரே திறக்கும். எங்கே வரவேண்டும் என்று உள்ளிருக்கும் கணினி ஆறு எண்கள் எழுதி அனுப்பும்: முகவரிக்கு நான்கு, போர்ட்டுக்கு இரண்டு. (4,1 என்றால் 4×256+1, அதாவது 1025. இதை எவரும் நேராக எழுதுவதில்லை.) வாசலில் என்ஏடி செய்யும் சுவிட்ச், பாக்கெட்டின் தலைப்பிலுள்ள 192.168 முகவரியை மாற்றிவிடும். உள்ளே எழுதியதைத் தொடாது. அந்த உள்ளூர் முகவரியை நம்பிக் கிளம்பிய சர்வர் எங்கும் போய்ச்சேராது. தப்பித்தவறி வாசலுக்கே வந்தாலும், புனிதவதியாரிடம் அவர் கணவன் பரமதத்தன் இரண்டாம் மாங்கனி குறித்துக் கேட்டதையே சுவிட்சும் கேட்கும்: இது எங்கிருந்து வந்தது?

முதற்கனி அவன் வீட்டுக்கு அனுப்பியது, கணக்கில் இருந்தது. இரண்டாவது அவர் இறைவனிடம் வேண்டிப் பெற்றது; அதன் சுவையே வேறு. அவன் கேட்டு வரவழைத்த மூன்றாவது கைக்கு வந்ததும் மறைந்ததை அடியார்கள் அருள் என்பர். வலைப் பொறியாளர்கள் ‘கனெக்‌ஷன் ரீசெட்’ என்பர்.

இணைப்புச் சிக்கலுக்குப் பரிகாரம் ஏஎல்ஜி என்னும் பயன்பாட்டு அடுக்கு நுழைவாயில். சுவிட்சில் உள்பக்கம், வெளிப்பக்கம் குறித்து இதை இயக்கிவிட்டால், பேச்சை ஒட்டுக்கேட்டு ஆறு எண்களையும் திருத்தும். வரவிருக்கும் இணைப்புக்கும் வழிவிட்டு வைக்கும். திருத்தத்தில் எழுத்து கூடினாலோ குறைந்தாலோ டிசிபி வரிசை எண்களையும் சரிக்கட்ட வேண்டும். சர்வரை 2121ஆம் போர்ட்டில் வைத்தால், தனியே சொல்லிவைக்காதவரை அதற்கு ஆள் அடையாளம் தெரியாது. பேச்சைக் குறியாக்கிவிட்டாலோ ஒட்டுக்கேட்கவே முடியாது. எல்லாச் சுவிட்சுகளும் இவ்வேலை செய்வதுமில்லை; வாங்குமுன் விசாரிக்கவும்.

பாசிவ் முறையில் இரண்டு இணைப்பையும் கணினியே வெளிநோக்கித் திறப்பதால் கேள்விக்கு இடமில்லை. சர்வரும் ஒரு என்ஏடிக்குப் பின்னால் இருந்தால் அதே வழக்கு அந்த வீட்டில் நடக்கும்.

எஸ்எஸ்எச் வழியே கோப்பனுப்பும் எஸ்எஃப்டிபி 22ஆம் போர்ட் ஒன்றிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறதே என்பர் சிலர். அவ்வாதம் ஏற்கத்தக்கதன்று. பரமதத்தன் ஒரே கனியை அனுப்பியிருந்தால் ஆனிப் பௌர்ணமியில் காரைக்கால் மாடிகளிலிருந்து எதை இறைப்பது?