முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்

ஒருநாள் ராத்திரி படுக்கப் போகிற நேரத்தில் மச்சினன் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினான். "மாமா, ரெண்டே நிமிஷம்." அந்த ரெண்டு நிமிஷம் உங்களுக்கும் தெரியும். போன வாரம்கூட யாருக்கோ நிரப்பியிருப்பீர்கள். படிக்காமல்தான்.

பையன் சப்ளை செயினில் ஆராய்ச்சி எம்.எஸ். பண்ணுகிறான். எம்.ஃபில்லுக்கு யூஜிசி 2022இல் மூடுவிழா நடத்திவிட்டதால் இதில் சேர்ந்தான்.  

தலைப்பு மதுரை மல்லி. 2013இலேயே புவிசார் குறியீடு வாங்கிய பூ. விடியுமுன் மொட்டாகப் பறித்து மாட்டுத்தாவணிக்குக் கொண்டுவருகிறார்கள். அதில் ஒரு பங்கு எங்கள் வில்லாபுரம் பக்கமாக விமான நிலையம் போய், வெளிநாட்டில் யார் கொண்டையிலோ ஏறுகிறது. இதைப் பார்க்க மூன்று மணிக்கு எழுந்தால் போதும். இவன் எழுவது ஒன்பதுக்கு. அதனால் பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற என்னிடம், "குளிர்பதன வசதியின் போதாமை விநியோகத் திறனைப் பாதிக்கிறது" என்று போட்டு, முழுமையாக மறுக்கிறேன் தொடங்கி ஐந்து வட்டம் கொடுக்கிறான். 1932இல் லைக்கர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் கொடுத்துவிட்டுப் போன சீதனம்.

இவர்கள் பாடத்தில் 1961இல் ஜே ஃபாரஸ்டர் எழுதிய ஒரு சங்கதி உண்டு. கடைக்காரர் கொஞ்சம் கூட்டிக் கேட்டால், மொத்த வியாபாரி எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கூட்டிக் கேட்பார். ஆலைக்குப் போவதற்குள் தேவை பூதமாகிவிடும். பையனுக்கு வேண்டியது கொஞ்சம் பேர். அம்மாவிடம் சொன்னான். அவள் எதற்கும் இருக்கட்டும் என்று குலதெய்வக் கோயில் குழுவில் போட்டாள். அங்கிருந்த பெரியப்பா எதற்கும் இருக்கட்டும் என்று நடைப்பயிற்சிக் குழுவில் போட்டார். அதில் நடக்கவே நடக்காத ஒருவர் காலிமனை விற்கிற குழுவுக்குத் தள்ளினார். அங்கிருந்து சர்க்கரைக்குப் பாகற்காய் வைத்தியம் சொல்லும் குழு. வழியில் எங்கோ "பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல செய்தி வரும்" என்ற வரியும் ஒட்டிக்கொண்டது. காலையில் அது அவனியாபுரம் ஜல்லிக்கட்டுக் குழு வழியாக எனக்கே வந்து சேர்ந்தது. நல்ல செய்தியை விடுவானேன், மறுபடி நிரப்பினேன். துபாயில் பைப் வேலை பார்க்கும் பங்காளியும் மல்லியின் குளிர்பதனம் பற்றி முழுமையாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இதையெல்லாம் எஸ்.பி.எஸ்.எஸ்ஸில் போட்டு, குளிர்பதன வசதி தேவை என்று முடிப்பான். முகூர்த்த நாளில் விலை ஏறும், மார்கழிப் பனியில் வரத்து சுருங்கும், விலை விழுந்தால் பூ சென்ட் ஃபேக்டரிக்குப் போகும் என்று தெருமுனையில் பூக்கட்டும் அக்காவுக்குத் தெரியும். ஆனால் அவர் சாம்பிளில் இல்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன்.

பொறுக்கமாட்டாமல் போன மாதம் ஒருநாள் விடியற்காலையில் அவனை மாட்டுத்தாவணிக்கு இழுத்துப்போனேன். கேள்வித்தாளை நீட்டினான். வியாபாரி மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நீங்க வாசிச்சு முடிக்கங்குள்ள வெலை மாறிருச்சு. மொதக் கேட்டப்ப ஒத்துக்கிட்டேன், இப்ப ஒத்துக்கல. தள்ளி நில்லுங்க, மூடை வருது."

பையன் நடுநிலையில் டிக் அடித்துக்கொண்டான்.